கிளி வளர்ப்புக்கு ஒரு தமிழ்த் தளம்: வேர்ட்பிரஸ்ஸோடு ஐந்து வருடம்

என் தளத்தில் இன்றைக்கும் அதிகம் படிக்கப்படும் பக்கம், கிளி வளர்க்காதீர்கள் என்று சொல்கிற பக்கம்தான்.

பச்சைக்கிளியைச் சொல்கிறேன். நம் ஊரில் கிளி என்றாலே அதுதானே. ஜோசியக்காரர் கூண்டில் இருப்பதும் மீனாட்சி கையில் இருப்பதும் அதுதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வாங்குவதும் விற்பதும் கூண்டில் அடைத்து வைப்பதும் குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 'கிளி வளர்ப்பது எப்படி' என்று தேடி வருகிறவர்களில் நிறையப் பேர் தென்னை மரப் பொந்திலிருந்து எடுத்த குஞ்சுக்கு என்ன ஊட்டுவது என்று கேட்டு வருகிறவர்கள். அவர்கள் கேட்டு வந்தது ஒன்று, நான் சொல்ல வேண்டியிருப்பது இன்னொன்று. ஐந்து வருடமாக இந்த இழுபறி ஓயவில்லை.

திருச்சியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். 2020 லாக்டவுனில் கடை பூட்டிக் கிடந்தபோது, வீட்டில் இருந்த இரண்டு காக்டெய்ல் (cockatiel) பறவைகளைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கோடிங் தெரியாது, அதனால் வேர்ட்பிரஸ். நிறுவியது ஒரு மதியத்தில் முடிந்தது. ஆனால் கடைப் பழக்கத்தில் முதல் மூன்று கட்டுரைகளையும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தொலைத்திருந்தேன். ஒட்டியதும் திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதில் விழுந்த பிழைகளைத் திருத்தி முடிக்க ஒரு வாரம் ஆனது.

அடுத்த தலைவலி முகவரி. தமிழில் தலைப்பு வைத்தால் பக்கத்தின் முகவரியும் தமிழிலேயே உருவாகிவிடும். பார்க்க அழகாக இருக்கும். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியும் எண்களுமாக அரைப்பக்கத்துக்கு நீளும். முகவரிக்கு வேர்ட்பிரஸ் வைத்திருக்கும் அளவு 200 எழுத்து. தமிழில் 'கி' என்பது கணினிக்கு இரண்டு குறியீடு, ஒவ்வொரு குறியீடும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரியும். கணக்குப் போட்டால் இருபத்திரண்டு குறியீட்டோடு இடம் தீர்ந்துவிடும். 'காக்டெய்ல் இரவில் ஏன் பதறுகிறது' என்ற கட்டுரை 'பதறுகிறது' முடிவதற்குள் வெட்டுப்பட்டு நின்றது. இப்போது முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் நானே சின்னதாகக் கொடுத்துவிடுகிறேன். தமிழில் தளம் தொடங்குகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். நாற்பது கட்டுரைக்குப் பிறகு மாற்றினால் வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய இணைப்புகளைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுவதே தனி வேலையாகிவிடும்.

இது தவிர வேர்ட்பிரஸ்மீது பெரிய குறை இல்லை. பிளக்இன்களை, அதாவது கூடுதல் வசதிக்கான நிரல்களை, கண்டபடி ஏற்றாமல் நாலோடு நிறுத்திக்கொண்டேன். செல்போனில் எடுத்த படத்தைச் சுருக்காமல் ஏற்றினால் பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். தளத்துக்கு வாடகைக்கு இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனம்தான் சோதித்தது, பெயர் வேண்டாம். முதல் வருடம் மலிவு, புதுப்பிக்கும்போது மூன்று மடங்கு. இரண்டாம் வருடம் அவர்கள் சர்வர் கோளாறில் தளம் மொத்தமும் காணாமல் போனது. பேக்கப் அவர்களிடம் இருக்கும் என்று நம்பியிருந்தேன். இருந்தது, ஏழு மாதத்துக்கு முந்தையது. நடுவில் எழுதிய பதினோரு கட்டுரைகளில் எட்டை, நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்ததிலிருந்து எடுத்து ஒட்டினேன். மற்ற மூன்றும் போயே போச்சு.

விளம்பரப்படுத்துவது என்றதும் ஃபேஸ்புக்கில் காசு கட்டுவதுதான் எனக்கு முதலில் தோன்றியது. கட்டியும் பார்த்தேன். வந்தவர்கள் "என்ன விலை?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆள் வராததற்கு உண்மையான காரணம் நான் எழுதிய வார்த்தை. எட்டு மாதம் 'பட்ஜரிகர்' என்றே எழுதிக்கொண்டிருந்தேன். சரியான பெயர் அதுதான், ஆஸ்திரேலியப் பறவை. ஆனால் தமிழ்நாட்டில் அதை யார் அப்படிச் சொல்கிறார்கள்? எல்லோருக்கும் அது லவ் பேர்ட்ஸ். நிஜமான லவ் பேர்டு ஆப்பிரிக்கப் பறவை, கடையில் அதற்கு 'ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்' என்று பெயர். கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து மக்கள் என்ன தேடுகிறார்கள் என்று பார்த்த அன்றுதான் உறைத்தது. தலைப்பை 'லவ் பேர்ட்ஸ்: ஆண் எது, பெண் எது?' என்று மாற்றினேன். முதல் வரியிலேயே இதன் பெயர் பட்ஜரிகர் என்று சொல்லிவிட்டு, வளர்ந்த ஆணுக்கு மூக்குச் சதை நீலம், பெண்ணுக்குப் பழுப்பு, லுட்டினோ (மஞ்சள்), ஆல்பினோ (வெள்ளை) வகைகளில் ஆணுக்கு இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும் என்று படத்தோடு போட்டேன். அதன்பிறகுதான் ஆள் வர ஆரம்பித்தது.

இன்னொன்று, என் தொழிலிலேயே இருந்தது. விசிட்டிங் கார்டு அளவில் ஒரு பக்கம் 'நான்ஸ்டிக் தவா புகை, அவகாடோ, சாக்லேட்: மூன்றும் பறவைக்கு விஷம்', மறுபக்கம் க்யூஆர் கோடு. நானே அடித்து, தினை விற்கும் கடைகளில் கொடுத்து வைத்தேன். தினைப் பொட்டலத்தோடு போன அந்தக் கார்டு ஃபேஸ்புக்கைவிட நல்ல வாசகர்களைக் கொண்டுவந்தது. ஏனென்றால் தினை வாங்குகிறவர் கையில் ஏற்கெனவே பறவை இருக்கிறது.

வாசகர் வந்தால் பொறுப்பும் கூடவே வரும் என்பது மூன்றாம் வருடம்தான் புரிந்தது. திண்டுக்கல்லில் இருந்து ஓர் அம்மா போன் செய்தார். "தம்பி, முட்டை சிக்கிக்கிச்சுன்னு உங்க வெப்சைட்ல பாத்து அதே மாதிரி சூடா வச்சேன், நீராவி காட்டினேன். காலைல பாத்தா செத்துக் கெடக்கு." அவர் குறை சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வீட்டில் செய்ய வேண்டியவை மேலே நாலு பத்தி. 'தாமதிக்காமல் பறவை மருத்துவரிடம் போங்கள்' என்பது கடைசிப் பத்தியின் கடைசி வரி. ராத்திரி பதற்றத்தில் செல்போனில் படிக்கிறவர் அதுவரை எங்கே போவார்? அன்றே அந்த வரியைச் சிவப்புப் பட்டையில் முதல் வரியாக்கினேன். பறவை பார்க்கும் மருத்துவர் பக்கத்தில் இல்லாதவர்களுக்காக வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடைக் கல்லூரிகளையும் சேர்த்தேன். மற்ற நோய்ப் பக்கங்களையும் அதேபோல் தலைகீழாக்க ஒரு மாதம் ஆனது. கட்டுரை நடை கெட்டுப்போனதுதான், கெடட்டும்.

சட்டம் பற்றிய பக்கங்கள் சீக்கிரம் பழசாகின்றன. 2024இல் வந்த விதிகளின்படி, சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பறவைகளை மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும். காக்டெய்லும் பட்ஜரிகரும் அந்தப் பட்டியலில் இல்லை, ஆப்பிரிக்கன் கிரே இருக்கிறது. லவ் பேர்டுகளில்கூட பீச் முகம் கொண்ட வகைக்குத் தேவையில்லை, ஃபிஷர் வகைக்குத் தேவை. இதை எழுதிச் சரிபார்த்து முடிக்க மூன்று இரவு. படித்தவர்கள் சொற்பம்.

வருமானம் கேட்பவர்களுக்கு: கூகுள் விளம்பரம் ஹோஸ்டிங் செலவில் பாதியைத் தாங்குகிறது. ஒரு பறவை வியாபாரி, பேசும் கிளிக் குஞ்சுகளைப் பற்றி ஒரு 'கட்டுரை' போட்டால் என் ஆறு மாதச் செலவைக் கொடுப்பதாகச் சொன்னார். எந்தக் கிளி என்று கேட்டேன். "நம்ம பச்சைக்கிளிதான் சார்" என்றார். கிளி வளர்க்காதீர்கள் என்று சொல்கிற என் பக்கத்தின் இணைப்பை அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

இந்த மாதம் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. நிறுவனம் மாற்றியாயிற்று, இவர்களும் இரண்டாம் வருடத்தில் விலையை ஏற்றித்தான் இருக்கிறார்கள். கட்டிவிடுவேன். பேக்கப் மட்டும் இப்போது என் பென்டிரைவில், ஞாயிறுதோறும், கூண்டு கழுவி முடித்த கையோடு.