பெட்ரோலா, எல்பிஜியா: பிரிட்டனில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்

பிரிட்டனில் எல்பிஜி எனப்படும் திரவ பெட்ரோலிய வாயு மீதான வரி பெட்ரோலைவிடக் குறைவு என்பதால், எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும் பழைய வி8 (எட்டு சிலிண்டர்) ஸ்போர்ட்ஸ் காரை இந்த வாயுவுக்கு மாற்றும் எண்ணம் எழுவது இயல்பே. எல்பிஜியில் லிட்டருக்குரிய ஆற்றல் ஏறத்தாழக் கால் பங்கு குறைவாதலால் கூடுதல் லிட்டர் செலவாகும். எனினும் விலை வேறுபாடு பெரும்பாலும் அதை ஈடுகட்டிவிடும். எரிபொருள் எஞ்சினில் தானாக முன்கூட்டியே வெடிக்காமல் தாங்குவதைக் காட்டும் ஆக்டேன் எண் எல்பிஜிக்கு 100-ஐத் தாண்டினாலும், ஆவியாக உட்செல்லும் வாயு காற்றுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்வதால், பெட்ரோலுக்கென அமைந்த எஞ்சினின் திறன் சற்றுக் குறையும். வால்வுகள் மூடும்போது அமரும் இடங்களான வால்வு இருக்கைகள் மென்மையானவையாக இருந்தால் விரைவில் தேயவும் கூடும். 80 விழுக்காடு மட்டுமே நிரப்பத்தகும் எல்பிஜி கலன், ஏற்கெனவே சிறிதான டிக்கியையும் விழுங்கிவிடும். ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்க ரயிலும் எல்பிஜியில் ஓடும் கார்களை ஏற்றுவதில்லை. வார இறுதியில் மட்டும் ஓடும் காருக்குப் பெட்ரோலே போதும் என்பேன். நாள்தோறும் நெடுந்தூரம் செல்பவருக்கே மாற்றும் செலவு திரும்பக் கிடைக்கும்.