டைட்டானிக்: கரித் தீயா, ரிவெட்டா?

1912 ஏப்ரல் 14 இரவு பனிப்பாறை உரசி 2 மணி நேரம் 40 நிமிடத்தில் கப்பல் மூழ்கியது, அதில் சண்டையில்லை. அவ்வளவு சீக்கிரம் ஏன் என்பதில்தான் இரண்டு கட்சி: கரித் தீ உள்ளே அறைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவரைப் பலவீனமாக்கியது என்பது ஒன்று, கப்பலின் தகடுகளை இணைக்கும் ஆணிகளான ரிவெட்டுகள் தெறித்துத் தண்ணீர் நுழைந்தது என்பது மற்றொன்று.

ஆதாரம்
தீ: கரிக் கிடங்கில் நாள்கணக்கில் கனன்றது நிஜம், விசாரணையிலேயே சொல்லியிருக்கிறார்கள்.
ரிவெட்: கடலடியிலிருந்து எடுத்த இரும்பு ரிவெட்டை அறுத்துப் பார்த்தால் இரும்பு தயாரிப்பில் மிஞ்சும் கசடு கண்ணாடி மாதிரி கோடுகோடாக ஓடுகிறது, ரிவெட்டின் தலை உடைந்து தெறிக்க வேறென்ன வேண்டும்?

இடம்
தீ: 5, 6 கொதிகலன் அறைகளுக்கு நடுவே மட்டும்.
ரிவெட்: நடுப்பகுதிக்கு எஃகு, முன்பக்கத்துக்கு இரும்பு, பாறை உரசியதும் அங்கேதான். 1996-இல் ஒலி அலையால் பார்த்த சோனார் ஆய்விலும் பெரிய ஓட்டை இல்லை, ஆறு மெல்லிய பிளவுகள்தான்.

தடுப்புச் சுவர் பலவீனமானதா என்று கேட்பவர்களுக்குத் தீ பொருந்தும். தண்ணீர் எப்படி நுழைந்தது என்றால், என் ஓட்டு ரிவெட்டுக்கே.