கார்டுடியூட்டியோடு மூன்று ஆண்டுகள்: பொய் அலர்ட்டைக் குறைத்ததும், அதில் நான் சறுக்கியதும்

எங்கள் அலுவலகத்தின் ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) கணக்குகளைக் கண்காணிக்கும் வேலை என் தலையில் விழுந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கையில் இருப்பவை இரண்டு. ஒன்று அமேசானின் கார்டுடியூட்டி, கணக்கில் சந்தேகமான நடமாட்டம் தெரிந்தால் எச்சரிக்கும் சேவை. மற்றொன்று, கணக்கில் யார் என்ன செய்தார்கள் என்று குறித்துவைக்கும் கிளவுட்டிரெயில் பதிவுகளை வைத்து நாங்களே எழுதிய விதிகள். முதல் மாதம் காலையில் சேனலைத் திறந்தால் நூற்றுக்கு மேல் அலர்ட் காத்திருக்கும். இரண்டாவது மாதம் அந்தச் சேனலை நானே மியூட் செய்துவிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இப்போது நாளுக்கு ஐந்தாறு வருகின்றன, எல்லாவற்றையும் திறந்து பார்க்கிறேன்.

அதிகம் கத்தியது கார்டுடியூட்டி இல்லை, எங்கள் சொந்த விதிகள்தான். முதலில் மாட்டியது ‘எம்எஃப்ஏ இல்லாமல் கன்சோலில் நுழைந்தால் அலர்ட்’ என்ற விதி. எம்எஃப்ஏ என்றால் கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு; கன்சோல் என்றால் ஏடபிள்யூஎஸ்ஸின் நிர்வாகப் பக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் ஆட்கள் உள்ளே வருவது எஸ்எஸ்ஓ வழியாக, அதாவது அலுவலகத்தின் பொது லாகின் வழியாக. கைபேசியில் ஒப்புதல் கொடுப்பதெல்லாம் அந்த வாசலிலேயே முடிந்துவிடுகிறது, ஏடபிள்யூஎஸ் அதைப் பார்ப்பதில்லை. அதனால் பதிவில் எம்எஃப்ஏ என்ற இடத்தில் ‘நோ’ என்றே விழும். முறையாக வந்த அத்தனை பேரும் திருடர்களாகத் தெரிந்தார்கள். அடையாள வகை ‘ஐஏஎம் யூசர்’ (ஏடபிள்யூஎஸ்ஸிலேயே உருவாக்கிய பயனர்) என்று இருந்தால் மட்டும் பார் என ஒரு வரி சேர்த்ததும் அடங்கியது. சிஐஎஸ் என்ற அமைப்பு வெளியிடும் ஏடபிள்யூஎஸ் பெஞ்ச்மார்க்கில் (பாதுகாப்பு வழிகாட்டி) இந்த நிபந்தனை இருக்கிறது. படிக்காமல் விதி எழுத உட்கார்ந்தது நான்.

அடுத்தது ‘அக்சஸ் டினைடு’. ஐந்து நிமிடத்தில் ஒரே அடையாளத்துக்குப் பத்து முறை அனுமதி மறுக்கப்பட்டால் அலர்ட் என்று வைத்திருந்தோம். செலவுக் கணக்கு எடுக்கும் ஒரு கருவி தினமும் அதிகாலையில் எல்லா ரீஜியனிலும் எல்லாச் சேவைகளையும் தட்டிப் பார்க்கும், பாதியில் அனுமதி இருக்காது. கருவி தன்னைப் பற்றிச் சொல்லும் யூசர் ஏஜென்ட் பெயரை வைத்து அதை விலக்கிவிடலாம் என்றார் நண்பர் ஒருவர். வேண்டாம் என்றேன். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமே! கருவிக்குத் தேவையான படிக்கும் அனுமதியைக் கொடுத்தோம். விதியிலும் எண்ணிக்கையை விட்டுவிட்டு, எத்தனை வெவ்வேறு செயல்கள் மறுக்கப்பட்டன, அவற்றில் மாற்றம் செய்யும் செயல்கள் எத்தனை என்று பார்க்க வைத்தோம். அப்புறம் அதிகாலை அலர்ட் வரவில்லை.

கார்டுடியூட்டியில் என்னைப் பயமுறுத்தியது ஒன்று உண்டு. ஒரு ஈசி2 இயந்திரத்துக்கு (ஏடபிள்யூஎஸ்ஸில் ஓடும் சர்வர்) கொடுத்த தற்காலிகச் சாவியை ஏடபிள்யூஎஸ்ஸுக்கு வெளியிலிருந்து யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லும் ஃபைண்டிங், அதாவது கார்டுடியூட்டி தரும் அலர்ட். உயர் தீவிரம். இரவு பதினொரு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து பார்த்தால், அந்த ஐபி எங்கள் அலுவலக ஃபயர்வாலுடையது! எங்கள் ஏடபிள்யூஎஸ் நெட்வொர்க்கில் இணையப் போக்குவரத்து விபிஎன் வழியே அலுவலகம் வந்துதான் வெளியே போகும். கார்டுடியூட்டியின் கண்ணுக்கு அது வெளியாள்தான், அதன் மேல் குறை சொல்ல முடியாது. அந்த ஃபைண்டிங் வகையையும் அந்த ஒரு ஐபியையும் சேர்த்து ஒரு சப்ரஷன் ரூல் (அலர்ட்டை அடக்கும் விதி) போட்டேன். வகையை மட்டும் போட்டிருந்தால், உண்மையிலேயே சாவி திருடு போகும் நாளிலும் சத்தம் வந்திருக்காது.

இவ்வளவு விவரம் தெரிந்தவன்தான் போர்ட்ஸ்கேனில் சறுக்கினேன். ஒரு இயந்திரத்தில் எந்தெந்த வாசல் திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதுதான் போர்ட்ஸ்கேன். வாரம் ஒருமுறை ஓடும் எங்கள் பாதுகாப்பு ஓட்டை தேடும் ஸ்கேனர் மற்ற இயந்திரங்களைத் துழாவும், ‘போர்ட்ஸ்கேன்’ ஃபைண்டிங் விழும். ஸ்கேனருக்கு ஒரு டேக் ஒட்டி, அந்த டேக் இருந்தால் அடக்கு என்று எழுதினேன். சில மாதம் கழித்து ஒருவர் ஸ்கேனரின் டெர்ராஃபார்ம் கோப்பை (சர்வரை உருவாக்கும் கோடு) நகலெடுத்து வேறு சில சர்வர்களை உருவாக்கியிருக்கிறார். டேக்கும் கூடவே போய்விட்டது. சப்ரஷனில் சிக்கும் ஃபைண்டிங் நேராக ஆர்க்கைவுக்குப் போகும். ஃபைண்டிங்கை எங்களுக்குக் கடத்தும் ஈவென்ட்பிரிட்ஜுக்கு வராது, ஆகவே எங்கள் சேனலுக்கும் வராது. கார்டுடியூட்டியில் 90 நாள் இருந்துவிட்டு மறையும். தற்செயலாக ஆர்க்கைவைத் திறந்தபோதுதான் ஸ்கேனர் அல்லாத ஒரு சர்வர் போர்ட்களைத் துழாவியது தெரிந்தது. பையன் ஒருவன் என்மேப் என்ற ஸ்கேன் கருவியைப் பழகிக்கொண்டிருந்திருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் அன்று எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

இப்போது அந்த விதி டேக்கோடு ஏஎம்ஐ எண்ணையும் (சர்வரை உருவாக்கப் பயன்பட்ட இமேஜின் எண்) கேட்கிறது. ஸ்கேனருக்கென்று தனி இமேஜ் வைத்திருப்பதால் நகல் சர்வர்கள் அதில் சிக்குவதில்லை. அந்த டேக்கை ஒட்டும் உரிமையையும் இரண்டு பேருக்கு மட்டும் சுருக்கினோம். மாதத்தின் முதல் திங்கள் ஆர்க்கைவைப் படிப்பது என் வேலை. அலுப்பான வேலை, டீயோடுதான் உட்காருவேன்.

ஒவ்வொரு சப்ரஷன் விதிக்கும் ஏன் போட்டோம், யார் போட்டது, எந்தத் தேதி வரை என்று கோடிலேயே எழுதி வைக்கிறோம். போன மாதம் ஐந்து விதிகள் தேதி தாண்டின. இரண்டை எதற்குப் போட்டோம் என்று யாருக்கும் நினைவில்லை, இரண்டிலும் கீழே என் பெயர்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். ஒன்றில் இதுவரை சத்தமே இல்லை. மற்றொன்று மறுநாளே கத்தியது, இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.