பழகிய பார்தானே என்று பில்லைப் பார்க்காமல் எழுந்து வராதீர்கள்

வருஷக்கணக்காகப் போய்வந்த பார். நடுவில் சில மாதம் போகவில்லை. மறுபடி உள்ளே நுழைந்தால் அதே மேசை, அதே விளக்கு, "வழக்கமானதுதானே சார்?" என்ற அதே கேள்வி. மெனு அட்டை வராது, விலை கேட்கத் தோன்றாது, ஊற்றுவதையும் பார்க்க மாட்டோம். புது ஆளிடம் காட்டத் தயங்குகிற கைவரிசையைப் பழைய வாடிக்கையாளரிடம் துணிந்து காட்டுவது இதனால்தான்.

இடைப்பட்ட காலத்தில் பார் கைமாறியிருந்தால் இன்னும் மோசம். பெயர்ப்பலகை அப்படியே இருக்கும். சரக்கு வாங்கும் இடம், பீர்க் குழாய் கழுவும் முறை, பில் போடும் ஆள் எல்லாம் மாறியிருக்கும். முதல் பில்லின் தலைப்பில் இருக்கும் நிறுவனப் பெயரையும் வரிப் பதிவு எண்ணையும் பாருங்கள். பழைய பில் ஒன்று கையில் இருந்தால் ஒப்பிட்டாலே விஷயம் தெரிந்துவிடும்.

முதல் அடி அளவில் விழும். பெக் அளக்கும் ஜிக்கர் பெரும்பாலும் கூம்பு வடிவம். கூம்பில் பெரும்பகுதி கொள்ளளவு மேல்விளிம்பை ஒட்டியே இருக்கிறது. 30 மில்லி ஜிக்கரை உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நிரப்பினால் பார்வைக்கு நிறைந்த மாதிரிதான் தெரியும். உள்ளே இருப்பது சுமார் 22 மில்லி. இப்படி நாலு லார்ஜ் (ஒன்று 60 மில்லி, அதாவது இரண்டு ஜிக்கர்) வாங்கினால் 240 மில்லிக்குக் காசு கொடுத்து 176 மில்லி குடிக்கிறோம். ஒரு லார்ஜ் முழுசாக ஏப்பம். ஊற்றுபவரின் மணிக்கட்டைக் கவனியுங்கள். ஜிக்கரைக் குவளைக்கு மேலேயே சாய்த்துப் பிடித்திருப்பார், சரக்கு விளிம்பைத் தொடும் முன்பே கவிழ்த்துவிடுவார், அப்புறம் பாட்டிலை மட்டும் ஒரு நொடி உயர்த்திப் பிடித்துத் தாராளமாக ஊற்றுவது போல் காட்டுவார். அந்த ஒரு நொடியில் விழுவது சில சொட்டு.

இதற்கு வழி சண்டை இல்லை. நேராக நிற்கும் சுவருள்ள காலிக் குவளை கேளுங்கள். ஐஸ் வேண்டாம், சோடா தனியாக வரட்டும். குவளையின் உள் விட்டம் 7 செ.மீ. என்றால் 60 மில்லி சுமார் ஒன்றரை செ.மீ. உயரம் நிற்க வேண்டும், 6 செ.மீ. என்றால் இரண்டு செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே. பார்த்துத் திருப்தியான பிறகு ஐஸ் போட்டுக்கொள்ளலாம். ஐஸோடும் சோடாவோடும் கலந்தே வரும் குவளையில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஜிக்கரே இல்லாமல் பாட்டில் வாயிலிருந்து "கையளவில்" ஊற்றினால் ஜிக்கரில் அளக்கச் சொல்லுங்கள். பல நாடுகளில் அந்த அளவைக்கு அரசு முத்திரை கட்டாயம்; முத்திரையைக் காட்டச் சொல்வதில் தவறே இல்லை.

அடுத்தது பாட்டிலுக்குள் நடப்பது. 40 சதவீத ஆல்கஹால் உள்ள சரக்கு 750 மில்லி இருக்கிற பாட்டிலிலிருந்து 150 மில்லி எடுத்துவிட்டு அதே அளவு தண்ணீர் ஊற்றினால் 32 சதவீதம். சோடாவோடு குடிப்பவருக்கு வித்தியாசம் பிடிபடாது. "இன்னிக்கு ஏறவே மாட்டேங்குதே" என்று இன்னொரு பெக் சொல்லுவார். விலை உயர்ந்த பாட்டிலில் மலிவுச் சரக்கை நிரப்புவதும் உண்டு. 2013 மே மாதம் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 'ஆபரேஷன் ஸ்வில்' என்ற பெயரில் 29 பார்களிலும் உணவகங்களிலும் அதிகாரிகள் சோதனை நடத்தியது இதற்காகத்தான். ஓரிடத்தில் உடம்பில் தேய்ப்பதற்கான, குடிக்கக் கூடாத ஆல்கஹாலில் நிறமேற்றி ஸ்காட்ச் என்று ஊற்றியதாகவும் அப்போது சொன்னார்கள்.

நிரப்பிய பாட்டிலுக்கு அடையாளம் உண்டு. லேபிள் ஓரம் தேய்ந்து, கழுத்துப் பகுதி பிசுபிசுத்திருக்கும். சரக்கு மட்டும் தோள்வரை நிற்கும். பல பிராண்டுகளில் திரும்ப நிரப்ப முடியாதபடி பாட்டில் வாயில் ஒரு பிளாஸ்டிக் அடைப்பு இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு ஊற்றுவதற்கு வேறு மூக்கு மாட்டியிருந்தால் யோசியுங்கள். பாட்டிலை மேசைக்குக் கொண்டுவந்து ஊற்றச் சொல்லுங்கள். சில ரவுண்டுக்குப் பிறகும் சரக்கை மாற்றலாம், அதனால் முதல் பெக்கைச் சோதித்ததோடு விட்டுவிடக் கூடாது.

குழாய் பீரில் ஏமாற்றைவிட அலட்சியம் அதிகம். பீர் வரும் குழாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரசாயனம் விட்டுக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் உட்சுவரில் படலமாகப் படிந்துவிடும். பீரில் புளித்த வாடை, வினிகர் வாடை, சில நேரம் வெண்ணெய் வாடை. எந்த நேரத்தில் கடைசியாகக் கழுவினீர்கள் என்று கேட்டால் நல்ல பாரில் தேதி சொல்வார்கள். குவளையின் உள்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் குவளை சரியாகக் கழுவப்படவில்லை, எண்ணெய்ப் பசையோ சோப்போ இருக்கிறது. சுத்தமான குவளையில் குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகச் சுவரில் படியும். அளவுக்கும் ஒரு வார்த்தை: மேலே விரிந்த பைன்ட் குவளையில் அரை அங்குலம் குறைந்தால் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு போச்சு. அடித்தட்டு தடித்த குவளையும் வெளியிலிருந்து பார்க்க அதே உயரம்தான்.

பில்லில் நடப்பது பழைய கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஆர்டர் சீட்டு கேளுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "கடைசியில் மொத்தமாகப் பார்த்துக்கலாம்" என்றால் பக்கத்து மேசையின் பீர் உங்கள் கணக்கில் ஏறும். சலுகை நேரத்தில் சொன்ன ஆர்டரை நேரம் முடிந்த பிறகு பதிந்து முழு விலை போடுவதும் உண்டு; சீட்டில் அச்சாகும் நேரமே உங்கள் ஆதாரம். கார்டைக் கவுன்டரில் விட்டுவைக்க வேண்டாம். கார்டைக் கொடுத்துப் பாரில் கணக்கைத் தொடங்கும்போது உங்கள் வங்கிக் கணக்கில் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள், அது விடுபடச் சில நாள் ஆகலாம். இரண்டு முறை பிடித்துவிட்டதாகப் பதறும் முன் அதைப் பாருங்கள். கார்டுக்குக் கையெழுத்துப் போடும் சீட்டில் டிப்ஸ் கோடு காலியாக இருந்தால் குறுக்கே கோடு போட்டு மொத்தத்தை நீங்களே எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று, இது காசு விஷயம் இல்லை. எங்கிருந்து வந்ததென்று தெரியாத சரக்கில் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் இருக்கலாம். நிறத்திலோ சுவையிலோ கண்டுபிடிக்க முடியாது. குடித்த இரவில் சாதாரணப் போதை மாதிரியே இருக்கும். 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல், கண்ணில் பனி படர்ந்த மாதிரி வெண்மை. ஹேங்ஓவர் என்று தூங்கப் போகக் கூடாது. பார்வை மங்கினால் உடனே பெரிய மருத்துவமனை. எங்கே, எப்போது, எவ்வளவு குடித்தார் என்று மறைக்காமல் சொல்லி, மெத்தனாலா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் தாமதித்தால் போன பார்வை திரும்பாது. கூடக் குடித்தவர்களுக்கும் போன் போடுங்கள், இன்னும் எதுவும் தெரியவில்லை என்றாலும் அவர்களும் வர வேண்டும்.