ரிச்சி தெரு யூஎஸ்பி சிடி டிரைவ்: வாங்கலாமா?

இப்போது வரும் லேப்டாப்களில் சிடி போட இடமே இருப்பதில்லை. பாட்டெல்லாம் ஸ்ட்ரீமிங்குக்குப் போய்விட்டது. அலமாரியில் தூங்கும் கச்சேரி சிடிக்களை ஹார்டு டிஸ்க்கில் ஏற்ற, சென்னை ரிச்சி தெருவில் விற்கும் இந்த மெலிசான டிரைவ் தாராளமாகப் போதும்.

ஆனால் தனி மின் இணைப்பு இல்லாத யூஎஸ்பி ஹப்பில் செருகாதீர்கள். மின்சாரம் பற்றாமல் டிஸ்க் சுற்றிச் சுற்றி நின்றுவிடலாம். நேராக லேப்டாப்பில் செருகுங்கள்.

சிடியிலிருந்து பாட்டை எடுக்கும் மென்பொருளுக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, செக்யூர் மோடில். கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதால் நேரம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சேமிப்பது ஃபிளாக் (FLAC) கோப்பாக இருக்கட்டும். 700 எம்பி ஏறக்குறையப் பாதியாகும், ஒலியில் ஒரு துளி குறையாது. எம்பி3 ஆக்கினால் பல பிளேயர்களில் ஆலாபனை முடிந்து கிருதி எடுக்கும் இடத்தில் சின்னதாக ஒரு வெட்டு விழும். கச்சேரி கேட்பவர்களுக்கு அது பல்லில் கல் கடித்த மாதிரி.

துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக அல்ல. அடிப்பக்கக் கீறலைப் பாலிஷ் போட்டுத் தேற்றலாம். படம் அச்சிட்ட மேல்பக்கம் உரிந்தால் போச்சு. பளபளக்கும் அலுமினியப் படலம் அங்கேதான், மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது.

ஒரே தட்டில் நூறு பாட்டு அடைத்த பழைய எம்பி3 சிடிக்களை அப்படியே காப்பி செய்தால் போதும். ஃபிளாக்காக்கினால் இடம்தான் வீண்.

ராகப் பெயர்களைக் கையால் அடியுங்கள். மென்பொருள் இணையத்திலிருந்து எடுக்கும் பட்டியலில் தோடி, கல்யாணி எல்லாம் வெறும் 'டிராக் 3', 'டிராக் 4' என்றே வரலாம்.