ஜிமேட்: 42 ஆயிரம் ரூபாய் வகுப்பும் காசில்லாத இரண்டு மாதிரித் தேர்வும்

கோவையில் பம்ப்செட் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஹைதராபாத்தில் உள்ள ஐ.எஸ்.பி. மேலாண்மைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஆசை. அதற்காக, மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட் எழுத நினைத்து, எல்லாரையும் போல முதலில் ஒரு கோச்சிங் வகுப்பில் பணம் கட்டினேன். பெயர் வேண்டாம். 42 ஆயிரம் ரூபாய், பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்.

மூன்றாவது வாரம் ஆங்கில வாக்கியத் திருத்தமான சென்டென்ஸ் கரெக்‌ஷன் நடத்தினார்கள். நான்காவது வாரம் வட்டமும் முக்கோணமும். 2023 நவம்பரில் வந்த புதிய தேர்வில் இந்த இரண்டுமே இல்லை, பழைய தேர்வு 2024 ஜனவரியோடு நின்றுபோனது என்று பின்வரிசைப் பெண் ஒருத்திதான் எழுந்து சொன்னாள். "பேசிக்ஸ் தெரியணும்ல்லம்மா?" என்றார் சார். அடுத்த வாரத்தோடு நான் போகவில்லை. பணமும் திரும்பி வரவில்லை.

அப்புறம்தான் தேர்வை நடத்துகிறவர்களே எம்பிஏ டாட் காமில் தரும் மாதிரித் தேர்வுகளுக்கு வந்தேன். பதிவு செய்தால் இரண்டு இலவசம், மேற்கொண்டு வேண்டுமென்றால் காசு. இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

முதல் தேர்வில் 545. கணக்குப் பகுதியான குவான்ட் 81, ஆங்கிலப் பகுதியான வெர்பல் 75, அட்டவணை, வரைபடம் பார்த்துப் பதில் சொல்லும் டேட்டா இன்சைட்ஸ் 75. மூன்று பகுதிக்கும் தலா 45 நிமிடம். மொத்த மதிப்பெண்ணில் மூன்றுக்கும் ஒரே எடை. இது தெரியாமல், கணக்கு வருகிறதே என்று நான் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவின் மளிகைக் கடையில் சிட்டை கூட்டிப் பழகியவனுக்குக் கால்குலேட்டர் இல்லாத குவான்ட் பெரிய பாடு இல்லை. டேட்டா இன்சைட்ஸில் திரையிலேயே கால்குலேட்டர் உண்டு, ஆனால் அங்கேதான் அடி வாங்கினேன். இரண்டு பதில் கேட்கும் கேள்வியில் ஒன்று சரி, ஒன்று தப்பு என்றால் பாதி மார்க் கிடையாது, முழுசாகப் போச்சு.

இந்த மாதிரித் தேர்வின் பெரிய பலம், நம் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றுவது. வகுப்பில் அச்சடித்துக் கொடுத்த தாளால் அது முடியாது. இன்னொன்று, ஒரு பகுதியை முடித்தபின் நேரம் மிச்சமிருந்தால் மூன்று பதில்கள் வரை மாற்றலாம். நான் முதல் முறை மாற்றிய மூன்றில் இரண்டு, சரியாக இருந்ததைத் தப்பாக்கியவை. அதற்குப் பிறகு, காரணத்தைத் தாளில் எழுத முடிந்தால் ஒழிய எதையும் தொடுவதில்லை.

மதிப்பெண்ணை ஏற்றியது ஒரு 80 பக்க நோட்டுதான். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு வரி: ஏன் தப்பினேன். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால், வெர்பலில் பாதிக்கு மேல் "கேள்வியைக் கடைசிவரை படிக்கவில்லை" என்றே இருந்தது. பத்தாவது வரை தமிழ் மீடியம் என்பதால் ஆங்கிலம்தான் குறை என்று நினைத்திருந்தேன். இல்லை, அவசரம். முடிவை வலுப்படுத்துவது எது என்று கேட்டால், பலவீனப்படுத்துவதைக் குறித்துவிட்டு வந்திருக்கிறேன்.

குறையும் உண்டு. இலவசமாக இரண்டுதான். அதையே மறுபடி எழுதினால் பழைய கேள்விகள் எட்டிப்பார்க்கும். அந்த மதிப்பெண்ணை நம்ப முடியாது. எனவே இரண்டாவதைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்புவரை நான் திறக்கவே இல்லை. திறந்தபோது 625.

தேர்வு மையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்து, உள்ளங்கையை ஸ்கேன் செய்து உள்ளே விட்டார்கள். பத்து நிமிட இடைவேளையை டேட்டா இன்சைட்ஸுக்கு முன் எடுத்தேன். முடித்ததும் திரையில் 645. குவான்ட் 86, வெர்பல் 79, டேட்டா இன்சைட்ஸ் 81. முதல் மாதிரித் தேர்வைவிட அதிகம் ஏறியது டேட்டா இன்சைட்ஸ்தான், ஆறு. பெரிய ஸ்கோர் என்று சொல்ல மாட்டேன். எனக்குப் போதும், விண்ணப்பம் அனுப்பிவிட்டேன்.

மாதிரித் தேர்வுக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். வகுப்பில் கொடுத்த ஜியோமெட்ரி புத்தகத்தை வீட்டுக்காரரின் ஒன்பதாம் வகுப்புப் பையன் வாங்கிப் போயிருக்கிறான். நன்றாக இருக்கிறதாம்.