மணிக்கு எந்த ஏரி? கிளேசியர், சாடூத், கிழக்கு சியரா

எங்கள் நாய் மணிக்கு ஒன்பது வயதாகிறது. லாப்ரடார் கலப்பு, முப்பது கிலோ, பின்னங்கால் மூட்டுகளில் லேசான தேய்மானம். ஆனால் தண்ணீரைக் கண்டுவிட்டால் குட்டியாகிவிடுவான். பிக்கப் ட்ரக்கின் முதுகில் கேம்பரை, அதாவது படுத்துத் தங்கும் பெட்டி அறையை, ஏற்றிக்கொண்டு கோடைதோறும் மலை ஏரிகளுக்குப் போகிறோம் என்றால் பாதிக்கு மேல் அவனுக்காகத்தான். ஆகவே அமெரிக்க மேற்கின் ஏரிகளை ஒப்பிட உட்காரும்போது அழகைப் பற்றிய பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். நாயின் கால் அந்தத் தண்ணீரில் படலாமா, கூடாதா? இதைக் கேட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

இதற்கு விடை அந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. தேசியப் பூங்காச் சேவை நடத்தும் இடத்துக்கு ஒரு சட்டம், வனச் சேவை நடத்தும் தேசிய வனத்துக்கு வேறு சட்டம். இரண்டும் ஒரே மலைத்தொடரில் ஒட்டிக்கொண்டே இருக்கும். சாலையோரப் பலகை ஒன்றுதான் எல்லை. இதை அறியாமல் முதல் இரண்டு கோடைகளில் நாங்கள் வீணாக்கிய நாட்களை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது. மணி வண்டியின் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கிளேசியர்: கண்ணுக்கு விருந்து, நாய்க்குப் பட்டினி

மொண்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவைப் போல ஏரியும் மலையும் சேர்ந்த இடம் வேறு நான் கண்டதில்லை. மெக்டொனால்ட் ஏரி ஏறக்குறைய பத்து மைல் நீளம்; கிழக்கே செயின்ட் மேரி ஏரி. இரண்டையும் இணைக்கும் ‘கோயிங் டு த சன்’ சாலை 1932இல் கட்டி முடிக்கப்பட்டது. அது 6,646 அடி உயரத்தில் லோகன் கணவாயைக் கடக்கிறது. பனியை வாரி முடித்துச் சாலை முழுதாகத் திறக்கவே பெரும்பாலும் ஜூன் கடைசியோ ஜூலைத் தொடக்கமோ ஆகிவிடும்.

நாய்க்கு அங்கே என்ன கிடைக்கும்? முகாம் மைதானம், உணவு மேசைகள் போட்ட இடங்கள், சாலையோரம், வண்டி நிறுத்துமிடம். அவ்வளவுதான். நடைபாதை எதிலும் நாய் ஏறக்கூடாது. கட்டடங்கள் உள்ள பகுதிக்கு அப்பால் ஏரிக்கரையிலும் அனுமதி இல்லை. கயிறு ஆறடிக்கு மேல் இருக்கக்கூடாது. மரத்தில் கட்டிவிட்டு நாம் மட்டும் நடந்துவிட்டு வரலாம் என்றால் அதுவும் விதிமீறல். கடுமையாகத் தோன்றினாலும் காரணம் நியாயமானது. கிரிஸ்லி கரடி நடமாடும் காடு அது. நாய் குரைத்துத் துரத்திவிட்டுத் திரும்ப நம்மிடமே ஓடி வந்தால், பின்னால் கரடியும் வரக்கூடும்.

ஒரே ஒரு சலுகை படகு. மோட்டார் படகு அனுமதிக்கப்பட்ட ஏரிகளில் நாயைப் படகில் ஏற்றிக்கொள்ளலாம். சொந்தப் படகும் அதில் அமைதியாக உட்காரும் நாயும் உள்ளவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. அவர்கள் தாராளமாகப் போகலாம்.

ட்ரக் கேம்பர்காரர்களுக்கு இங்கே இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. அவலாஞ்ச் ஓடைக்கும் ரைசிங் சன்னுக்கும் இடையிலான பகுதியில், பம்பரையும் சேர்த்து 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கும், பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமான வண்டிக்கும் தடை. பத்தடிக்கு மேல் உயரமானால் சாலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளில் இடிக்கும் அபாயம். பெரிய ட்ரக்கின் மேல் கெட்டிச்சுவர் கேம்பரை வைத்தால் இந்த மூன்று அளவுகளையும் ஒருசேரத் தாண்டுவது மிகச் சுலபம். இழுவைக்கென்று பொருத்தும் அகலக் கண்ணாடிகளே எட்டடியை மிஞ்சிவிடும். கூரையை இறக்கி மடக்கும் கேம்பரும் சிறிய ட்ரக்கும் என்றால் தப்பிக்கலாம், அதுவும் டேப் வைத்து அளந்த பிறகு.

வயோமிங்கின் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவும் இதே குடும்பம்தான். வண்டி போகும் இடம்வரைதான் நாய் போகலாம், சாலையிலிருந்து 30 அடிக்குள். ஏரியிலோ ஆற்றிலோ அது இறங்கக்கூடாது. ஜாக்சன் ஏரியில் படகுக்குள் இருக்கலாம். ஜென்னி ஏரியின் முகாம் கூடாரங்களுக்கு மட்டும் என்பதால் கேம்பருக்கு அங்கே வேலையே இல்லை.

சாடூத்: என் ஓட்டு இதற்கே

ஐடஹோவின் ஸ்டான்லி ஊரைச் சுற்றியிருப்பது சாடூத் தேசியப் பொழுதுபோக்குப் பகுதி. 1972இல் உருவானது, நிர்வாகம் வனச் சேவையிடம். ரம்பப் பல்லைப் போல வானத்தை அறுத்து நிற்கும் சிகரங்கள், அடியில் பனிப்பாறைகள் தோண்டிவிட்டுப் போன ஏரிகள்: ரெட்ஃபிஷ், ஸ்டான்லி, பெட்டிட், ஆல்ட்டூரஸ். நான்குக்கும் வண்டி போகிறது.

ரெட்ஃபிஷ் ஏரியின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் அந்தத் தண்ணீரைப் பார்க்கும் விதமே மாறிவிடும். கடலிலிருந்து சுமார் 900 மைல் ஆற்றை எதிர்த்து நீந்தி, 6,500 அடி உயரம் ஏறி, சாக்ஐ சால்மன் மீன்கள் முட்டையிட வரும் ஏரி அது. முட்டையிடும் காலத்தில் அவற்றின் உடல் சிவப்பதால்தான் ஏரிக்கு ரெட்ஃபிஷ் (சிவப்பு மீன்) என்ற பெயர். வழியில் எழுந்த அணைகளும் பிற காரணங்களும் சேர்ந்து இனத்தை நசுக்க, 1991இல் அது அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்தது. 1992இல் திரும்பி வந்தது ஒரே ஒரு ஆண் மீன். ‘தனிமை லாரி’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். வளர்ப்புத் திட்டத்தால் இன்று மீன்கள் மீண்டும் வருகின்றன. கரையோரம் சிவந்த மீன் தென்பட்டால் மணியைக் கயிற்றோடு பின்னுக்கு இழுத்துக்கொள்வேன். அவ்வளவு தூரம் வந்ததை ஒரு நாய் கலைத்துவிடக்கூடாது.

நாய் விஷயத்தில் இங்கே மூச்சு விடலாம். முகாம் மைதானத்தில் ஆறடிக் கயிறு உண்டு. நீச்சலுக்கென ஒதுக்கிய கரையில் நாய்க்கு இடமில்லை. அதைத் தவிர்த்த கரையில் இறங்கி நனையலாம். நடைபாதைகளும் திறந்தே கிடக்கின்றன. சாடூத் வனாந்தரப் பகுதியின் பாதைகளில் ஜூலை 1 தொடங்கி, செப்டம்பரின் முதலாவது திங்களன்று வரும் தொழிலாளர் தினம்வரை கயிறு கட்டாயம். மூட்டு வலியுள்ள மணிக்கு ஃபிஷ்ஹூக் ஓடைப் பாதையைப் போல வாய்த்த பாதை வேறு இல்லை. ஏற்றம் குறைவு, நிழல் உண்டு, ஓடை கூடவே வருகிறது. முடிவில் புல்வெளி விரிய, அதற்குப் பின்னால் சிகரங்கள். இளம் நாய் என்றால் பெஞ்ச் ஏரிகளுக்கு ஏறிவிடலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஜூலை முதல் வாரங்களில் கொசு பிய்த்தெடுக்கும். கொசுவால் பரவும் இதயப்புழுவுக்கான மாத்திரையைத் தவறவிடாமல் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை பள்ளத்தாக்கில் தங்கிவிடும் நாட்கள் உண்டு. ஸ்டான்லியில் கோடை நடுவிலும் இரவில் உறைபனி விழும். மடக்குக் கூரைக் கேம்பரின் துணிச்சுவர் அந்தக் குளிரைத் தடுக்காது. கெட்சம் ஊர்ப் பக்கமிருந்து வந்தால் 8,701 அடி உயர கலீனா உச்சியைத் தாண்டி இறங்க வேண்டும். பாரம் ஏற்றிய ட்ரக்கைப் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கக்கூடாது. கியரைக் குறைத்துக்கொண்டு மெல்ல இறங்குவதே வழி.

கிழக்கு சியரா: தாராளமான இடம், தவறவிட முடியாத எச்சரிக்கை

கலிஃபோர்னியாவின் 395 நெடுஞ்சாலையை ஒட்டி இன்யோ தேசிய வனம். ஜூன் ஏரி வளையத்தில் ஜூன், கல் (Gull), சில்வர், கிரான்ட் என்று நான்கு ஏரிகள் வரிசையாக வரும். மாமத் ஏரிப்படுகை ஏறக்குறைய 9,000 அடி உயரம். கயிறு கட்டிய நாயை நடைபாதைகளில் கூட்டிப் போகலாம். ஏரிகளும் நெருங்கிக் கிடப்பதால் ஒரே முகாமில் தங்கி நாளுக்கு ஒன்றாகப் பார்த்துவிடலாம். வண்டியோட்டும் அலுப்பு மிகக் குறைவு; இந்த ஒன்றில் சாடூத்தை இது வெல்கிறது.

ஆனால் நனைவதற்கு எல்லா ஏரியும் இல்லை. மேரி ஏரி மாமத் லேக்ஸ் ஊருக்குக் குடிநீர் தருவது. படுகையில் நீந்த அனுமதியுள்ளது ஹார்ஸ்ஷூ ஏரி ஒன்றில்தான். அங்கேதான் நாய் வளர்ப்பவர்கள் கூடுகிறார்கள். அங்கேதான் நான் மிகவும் பயப்படுகிறேன்.

மாமத் மலை எரிமலை. 1989இல் அதன் அடியில் சிறு நிலநடுக்கங்கள் தொடராக நிகழ்ந்தன. மறு ஆண்டு முதல் ஹார்ஸ்ஷூ ஏரிப் பக்கம் மரங்கள் காயத் தொடங்கின. ஆராய்ந்தபோது நிலத்துக்குள்ளிருந்து கார்பன் டை ஆக்சைடு கசிந்து வேர்களை மூச்சுத்திணற வைத்தது தெரிந்தது. மரங்கள் பட்டுப்போன இடத்து மண்ணில் அந்த வாயு 20 முதல் 95 சதவீதம்வரை அளக்கப்பட்டிருக்கிறது. காற்று வீசும் திறந்த வெளியில் நடப்பவருக்கு ஆபத்தில்லை. ஆனால் அது காற்றைவிடக் கனமானது. குழியிலும் பள்ளத்திலும் தேங்கும். மனிதனின் மூக்கு ஐந்தடி உயரத்தில் இருக்கிறது, நாயின் மூக்கு மண்ணோடு இருக்கிறது. குழி தோண்டுவதும் அதில் படுத்துக்கொள்வதும் மணிக்குப் பிடித்த வேலைகள். வெளிறி நிற்கும் மரங்களின் பக்கம் அவனை நான் ஒருபோதும் அவிழ்த்துவிட்டதில்லை. எச்சரிக்கைப் பலகைகளை நின்று படியுங்கள்.

வந்து சேரும் வழியும் ஒரு சோதனை. தெற்கிலிருந்து வருபவர் மொஹாவி பாலைவனத்தையும் ஓவன்ஸ் பள்ளத்தாக்கையும் கடக்க வேண்டும். கோடைப் பகலில் 38 டிகிரியைத் தாண்டும் ஊர்கள் அவை. பிஷப் ஊருக்கு அப்பால் ஏற்றம் தொடங்கும். பாரத்தோடு ஏறும் இன்ஜின் சூடேறினால் குளிர்சாதனத்தை அணைக்க வேண்டியிருக்கும், அதே அறையில் நாய் இருக்கும். இருட்டு விலகுமுன் அந்தத் தூரத்தை முடித்துவிடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தாழ்வான இடங்களில் காய்ந்த புல்லின் கூர்விதைகள் காதிலும் மூக்கிலும் விரலிடுக்கிலும் ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தடவிப் பார்த்தாக வேண்டும்.

டியோகா கணவாய் வழியாக யோசெமிட்டிக்குள் போய் டெனாயா ஏரியையும் பார்த்துவிடலாமே என்று ஆசை வரும். அது மறுபடி தேசியப் பூங்கா. பாதையும் மணற்கரையும் நாய்க்கு இல்லை.

கேம்பரில் எது?

கெட்டிச்சுவரா, மடக்குக் கூரையா என்ற விவாதத்தில் கிளேசியர் சாலை மடக்குக் கூரையின் பக்கம் நிற்கிறது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமோ கரடிகளின் காரணமாகக் கெட்டிச்சுவர் வண்டிகளை மட்டுமே ஏற்கிறது. நாயை வைத்துப் பார்த்தால் நான் மடக்குக் கூரையையே சொல்வேன். எடை குறைவு என்பதே முதல் காரணம். ட்ரக் தாங்கும் பாரம் ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. கேம்பரின் வெற்றெடையை மட்டும் அதோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. பேட்டரி, எரிவாயு, நாய், நாயின் தீனி எல்லாம் கூடும்.

படிக்கட்டு அடுத்தது. கேம்பரின் தரை உயரமானது, படிகள் ஏணி மாதிரி செங்குத்தானவை. மணியின் மூட்டுக்காகச் சொரசொரப்பான சாய்தளப் பலகை ஒன்று வாங்கி, வீட்டிலேயே இரண்டு வாரம் பழக்கினோம். பயணத்தின்போது அவன் இடம் எங்களோடு ட்ரக்கின் பின்னிருக்கையில், பாதுகாப்புப் பட்டியோடு. கேம்பருக்குள் ஒருபோதும் இல்லை. நிறுத்திய வண்டியில் தனியே விடுவதும் இல்லை. வெளியே 24 டிகிரிதான் என்றாலும் பூட்டிய காருக்குள் பத்து நிமிடத்தில் 34ஐத் தொடும், அரை மணியில் 43. மலைக்குளிர்ச்சியை நம்பி ஏமாற இது போதும்.

ஏரித்தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்க வீட்டுத் தண்ணீர்தான். வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் ஜியார்டியா என்ற குடற்கிருமி கண்ணுக்குத் தெரியாது. கோடைக் கடைசியில் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல மிதக்கும் பாசியைக் கண்டால் நாயின் கால்கூட அதில் படக்கூடாது. அந்தப் பாசி சயனோபாக்டீரியாவாக இருக்கலாம்; அதன் நச்சு சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

நான்கு நாள் விடுப்பும் தெற்குக் கலிஃபோர்னியாவில் வீடும் என்றால் கிழக்கு சியராவைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால் சாடூத்துக்கே போங்கள். கிளேசியருக்கு, நாயை நம்பிக்கையானவரிடம் விட்டுவிட்டுப் போவது நாய்க்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

இந்த ஆண்டு நாங்கள் தொழிலாளர் தினம் முடிந்த மறுநாள் ரெட்ஃபிஷ் போய்ச் சேர்கிறோம். கூட்டம் கலைந்திருக்கும், கொசு ஓய்ந்திருக்கும், வனாந்தரப் பாதைகளில் கட்டாயக் கயிறும் தளர்ந்திருக்கும். சாய்தளப் பலகையில் விடியற்காலையில் உறைபனி படியும் என்பதால் அதன்மேல் விரிக்க ஒரு பழைய கோணிச்சாக்கும், மணிக்கு இரண்டு கம்பளியும் எடுத்துவைத்துவிட்டோம்.